வன்னிக் கரையில் நின்று கடலோட்டமும் கலப்பும் அளப்பது: புதிதாகத் தொடங்குவோருக்கு

வன்னியின் கிழக்கில், சுண்டிக்குளத்திலிருந்து கொக்கிளாய் வரை வங்காள விரிகுடா. மேற்கில் பூநகரி, நாச்சிக்குடா, விடத்தல்தீவு எல்லாம் பாக்கு விரிகுடாவைப் பார்த்தபடி கிடக்கின்றன. மன்னார்த் தீவுக்குத் தெற்கே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் வந்தால் அது மன்னார் வளைகுடா. பெரிய ஆறுகளும் மழையும் சேர்வதால் வங்காள விரிகுடாவின் மேல்நீரில் உப்புக் குறைவு. அரபிக் கடலின் மேல்நீரில் கிலோவுக்கு 35, 36 கிராம் உப்பு இருக்கும். வாடைக் காற்றுக் காலத்தில் இந்தியக் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கும் ஓட்டம் உப்புக் குறைந்த நீரை இலங்கைப் பக்கம் தள்ளும். அதில் ஒரு பங்கு பாக்கு நீரிணைக்குள் நுழைந்து ஆதாம் பாலத் திட்டுகளின் இடைவெளிகளால் மன்னார் வளைகுடாவுக்குப் போகும். சோழகத்தில், அதாவது தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில், பொதுவாக எதிர்ப்பக்கம் ஓடும். இரண்டு கடல்களுக்கு நடுவில் நீர் எப்படி ஓடுகிறது, எங்கே கலக்கிறது என்று பழக இதைவிட வசதியான கரை கிடைப்பது அரிது.

இதே சங்கதி மிகப் பெரிய அளவில் நடக்கும் இடம் இந்தோனேசியத் தீவுகளின் இடைக்கடல். பசிபிக்கிலிருந்து இந்து சமுத்திரத்துக்கு அந்த வழியால் செக்கனுக்குச் சராசரியாக 1 கோடியே 50 லட்சம் கன மீற்றர் நீர் போகிறது. 2004 முதல் 2006 வரை மக்கஸ்ஸார், லொம்பொக், ஒம்பாய், திமோர் ஆகிய வழிகளில் ஒரே காலத்தில் கருவிகளை நங்கூரமிட்டு வைத்து அளந்து பெற்ற கணக்கு அது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு மக்கஸ்ஸார் நீரிணையால் வருகிறது. அங்கே ஓட்டம் பலமாக இருப்பது மேற்பரப்பில் அல்ல, கீழே. தை, மாசி மாதங்களில் ஜாவாக் கடல் பக்கமிருந்து வரும் உப்புக் குறைந்த நீர் நீரிணையின் தெற்கு வாயில் மேலே பரவி நின்று மேலோட்டத்தைத் தடுத்துவிடும். மேலே மட்டும் ஒரு மிதவையை விட்டுப் பார்ப்பவர் 'இங்கே ஓட்டமே இல்லை' என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்.

போகிற வழியில் இன்னொன்றும் நடக்கிறது. வற்றுப்பெருக்கு அந்தத் தீவுகளின் அடித்தள முகடுகளில் மோதி, நீருக்குள்ளேயே உள்ளலைகளைக் கிளப்புகிறது. அவை உடையும்போது மேல்நீரும் கீழ்நீரும் கலக்கின்றன. பசிபிக்கிலிருந்து வரும்போது நடுப்படையில் இருந்த உப்பு உச்சம் இதனால் கரைந்துபோய், மறுபக்கம் வெளியேறுவது வேறு குணமுள்ள நீர். எனவே வேகத்தை மட்டும் அளந்துகொண்டு வருவது பாதி வேலை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், குறைந்தது இரண்டு ஆழங்களில் வேகமும் உப்பும் வெப்பநிலையும் வேண்டும். கீழே சொல்லப்படும் எல்லாம் அந்த இரண்டு ஆழங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பிடிப்பதற்காகத்தான்.

இடமும் மாதமும்

பங்குனி, சித்திரையில் இரண்டு பக்கக் கடலும் பொதுவாக அமைதி. பழகுவதற்கு அதுதான் காலம். கார்த்திகை, மார்கழியில் முல்லைத்தீவுக் கடலில் சிறு படகை இறக்க நினைக்க வேண்டாம். வைகாசிக்குப் பிறகு மன்னாரின் தென்பக்கம் கொந்தளிக்கும். சோழகக் காலத்தில் கிழக்குக் கரை காலையில் குளம்போலக் கிடக்கும், அதை நம்பி ஏமாறக்கூடாது. மத்தியானத்துக்குப் பிறகு காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வலுக்கும். இயந்திரம் நின்றுபோன படகை அது வெளியேதான் கொண்டுபோகும். காலை 6 மணிக்குப் போய் 11 மணிக்குள் கரையேறும்படி வேலையை அமையுங்கள்.

முதல் பயிற்சிக்கு மன்னார்த் தீவைப் பரிந்துரைக்கிறோம். வடகரையில் பேசாலை, தென்கரையில் தாழ்வுபாடு. ஒன்று பாக்கு விரிகுடா, மற்றது மன்னார் வளைகுடா, ஒரே காலையில் இரண்டையும் பார்த்துவிடலாம். பாக்கு விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீற்றரைத் தாண்டாது, ஆகவே கையால் இறக்கும் கருவிகளே போதும். ஆதாம் பாலத் திட்டுகளுக்கு அனுமதியில்லாமல் போக வேண்டாம். கடல் எல்லைக் கோடும் அங்கேதான் கிட்ட இருக்கிறது.

புறப்படுவதற்கு முன் உள்ளூர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் கடற்படைக் காவலரணுக்கும் நாள், நேரம், படகு இலக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். கொடிகட்டிய, கருவி வைத்த ஒரு பொருள் தனியே மிதந்து போனால் யாருக்கும் சந்தேகம் வரும். ஒவ்வொரு மிதவையிலும் 'கடலோட்ட அளவீடு, ஆபத்தில்லாதது' என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அழியாத மையால் எழுதி, தொலைபேசி இலக்கமும் போடுங்கள். வலை பாய்ச்சியிருக்கும் இடத்தில் மிதவை விடக்கூடாது. எங்கே வலை கிடக்கிறது என்று முதல்நாள் பின்னேரமே கடற்றொழிலாளர் தங்கும் வாடியில் கேட்டால் சொல்வார்கள்.

ஓட்ட மிதவை கட்டுவது

வெறும் போத்தலையோ ரெஜிபோம் துண்டையோ மிதக்கவிட்டால் அது காற்றைத்தான் அளக்கும். மேலே மிதக்கும் பொருள் காற்றின் வேகத்தில் 100க்கு 3 பங்கு வரை இழுபடும். செக்கனுக்கு 6 மீற்றர் காற்று என்றால் 18 சென்ரிமீற்றர். பாக்கு விரிகுடாவின் ஓட்டமே பல நாட்களில் அவ்வளவுதான் இருக்கும். அதனால் தண்ணீருக்குள் விரிந்து நிற்கும் பாய் வேண்டும். இனி இதை நீர்ப்பாய் என்போம்.

ஒன்றேகால் அங்குல பிவிசி குழாய் 1.2 மீற்றர் நீளத்தில் நடுத்தண்டு. அதன் மேல்நுனிக்குச் சற்றுக் கீழே நாலு கைகள், கீழ்நுனிக்குச் சற்று மேலே நாலு கைகள், ஒவ்வொன்றும் அரை அங்குலக் குழாயில் 50 சென்ரிமீற்றர். மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறிபோல இருக்க வேண்டும். மேல்கைக்கும் கீழ்கைக்கும் இடையில் 50 சென்ரிமீற்றர் அகலம், 80 சென்ரிமீற்றர் உயரம் உள்ள நாலு பாய்களைக் கட்டுங்கள். பழைய விளம்பரப் பதாகைத் துணி இதற்கு நன்றாக உழைக்கும். சாக்கு வேண்டாம், தண்ணீர் ஊறிக் கனத்துவிடும். எல்லாக் குழாயிலும் துளை போடுங்கள். போடாவிட்டால் உள்ளே காற்று அடைபட்டு, பாய் சாய்ந்து படுத்துவிடும். தண்டின் அடியில் ஒன்றரைக் கிலோ ஈயக்குண்டு, மேல்கை நாலின் நுனியிலும் வலைக்குப் போடும் சிறு மிதவைகள்.

மிதவையின் எண்ணிக்கையைக் கடலில் வைத்துச் சரிபார்க்க முடியாது. அமைதியான களப்பிலோ பெரிய தொட்டியிலோ இறக்கிப் பாருங்கள். மிதவைகளில் கால்பங்குக்கு மேல் வெளியே தெரிந்தால் ஈயம் கூட்ட வேண்டும். நீருக்குள் இருக்கும் பரப்பு, வெளியே தெரியும் பரப்பைப்போல 40 மடங்காவது இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஓட்ட மிதவை கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் அளவு. இந்த நீர்ப்பாயின் குறுக்குப் பரப்பு 0.8 சதுர மீற்றர், ஆகவே வெளியே 200 சதுர சென்ரிமீற்றர்தான் அனுமதி. தெரிய வேண்டும் என்று ஒரு முழத்துக் கொடி கட்டுவதுதான் வழமையான பிழை. 10க்கு 15 சென்ரிமீற்றர் செம்மஞ்சள் துணி போதும்.

இதேபோல இரண்டாவது ஒன்று கட்டுங்கள். அதை மேலே மிதக்கவிடாமல், சிறிய உருண்டை மிதவை ஒன்றிலிருந்து நைலோன் கயிற்றில் தொங்கவிட்டு, பாயின் நடு 6 மீற்றர் ஆழத்தில் நிற்கச் செய்யுங்கள். கைகளின் நுனியில் இருக்கும் மிதவைகளைக் கழற்றிவிட வேண்டும். கயிறு 4 மில்லிமீற்றருக்குத் தடித்தால் கயிறே மேலோட்டத்தில் இழுபட்டுக் கணக்கைக் கெடுக்கும். கடல் 8 மீற்றராவது ஆழமில்லாத இடத்தில் இதை இறக்கினால் பாய் தரையில் உரசும். அப்போது வரும் மெதுவான வேகத்தைக் கண்டு 'கீழே ஓட்டம் குறைவு' என்று எழுதிவிடாதீர்கள்.

விடுவதும் கணக்கும்

படகில் மூன்று பேர் வேண்டும்: ஒருவர் ஓட்ட, ஒருவர் மிதவையைப் பார்க்க, ஒருவர் எழுத. இரண்டு மிதவைகளையும் ஒரே இடத்தில், ஒரு நிமிடத்துக்குள் இறக்குங்கள். இறக்கியதும் படகை விலக்கிக்கொள்ளுங்கள், இயந்திரத்தின் சுழல்நீர் மிதவையைத் தள்ளும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை காற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து மெல்ல நெருங்கி, மிதவையின் பக்கத்தில் நின்று கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் காட்டும் இடத்தைத் தசமப் பாகையில் ஐந்து இலக்கம் வரை எழுதுங்கள். பாகை, நிமிடம், செக்கன் என்று ஒருவரும் தசமத்தில் இன்னொருவரும் எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

நமது அகலாங்கில் வடக்குத் தெற்காக 0.001 பாகை என்பது 110.6 மீற்றர், கிழக்கு மேற்காக 109.9 மீற்றர். இரண்டுக்கும் 110 என்று வைத்தாலும் குடிமுழுகிப் போகாது. ஒரு மிதவை 20 நிமிடத்தில் தெற்கே 0.0042, கிழக்கே 0.0010 பாகை நகர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே 465 மீற்றர், கிழக்கே 110 மீற்றர். இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 478 மீற்றர். 1,200 செக்கனால் பிரித்தால் செக்கனுக்கு 0.40 மீற்றர், அதாவது மணிக்கு முக்கால் கடல்மைல் வேகத்துக்குச் சற்றுக் கூட. ஜிபிஎஸ் இரண்டு முனையிலும் சேர்த்து 10 மீற்றர் பிழைவிட்டாலும் 20 நிமிட ஓட்டத்தில் அது செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. ஒரே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டால் அதே பிழை 17 சென்ரிமீற்றர் ஆகிவிடும். அவசரக்காரருக்கு இந்த வேலை சரிவராது.

காற்றுக்கு அது வரும் திசையால் பெயர், ஓட்டத்துக்கு அது போகும் திசையால் பெயர். குறிப்பேட்டில் 'தெற்கிலிருந்து காற்று', 'தெற்கு நோக்கி ஓட்டம்' என்று முழுவதாகவே எழுதுங்கள்.

வற்றுப்பெருக்கு வடக்குக் கரையில் ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனாலும் நாயாறு, கொக்கிளாய்க் களப்பு வாய்களில் அது ஓட்டத்தைத் திருப்பிப் போடும். ஒரு பெருக்கிலிருந்து அடுத்த பெருக்குக்கு 12 மணி 25 நிமிடம். வற்றும்போது ஒருமுறை மட்டும் அளந்துவிட்டு 'இங்கே நீர் கடலை நோக்கி ஓடுகிறது' என்பது பொருளற்றது. முறையான வழி 25 மணித்தியாலம் தொடர்ந்து அளந்து சராசரி எடுப்பது. அது முடியாவிட்டால் மூன்று மணித்தியாலத்துக்கு ஒன்றாக நாலு ஓட்டங்கள். இரவில் மிதவை விட வேண்டாம். வேறொரு நாளில் நேரத்தை மாற்றிப் போய் இடைவெளியை நிரப்பலாம்.

கீழ்நீரை எடுப்பது

ஒடுங்கிய வாயுள்ள தடித்த கண்ணாடிப் போத்தல், அதற்குத் தக்கை, போத்தலின் அடியில் கட்டிய 2 கிலோ பாரம். போத்தலின் கழுத்தில் பிரதான கயிறு. தக்கையிலிருந்து ஒரு தளர்ந்த துண்டுக் கயிறு மேலே போய் அதே கயிற்றில் சேரும். வேண்டிய ஆழத்தில் வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தால் தக்கை கழன்று போத்தல் நிறையும், குமிழி வருவது நின்றதும் மேலே எடுக்கலாம்.

தவறுவது தக்கையில்தான். 10 மீற்றர் ஆழத்தில் வெளிநீர் சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோ அளவில் கூடுதலாக அழுத்தும். 20 மில்லிமீற்றர் தக்கைமேல் அது 3 கிலோவுக்கு மேலான விசை. தக்கை உள்ளே போய்விடும், அல்லது இழுப்பில் கயிறு அறுந்துவிடும். 12 மில்லிமீற்றர் வாயுள்ள போத்தலில் ஒரு கிலோ அளவுதான் வரும், அது கையால் சமாளிக்கக்கூடியது. 15 மீற்றருக்குக் கீழே இந்தப் போத்தலைக் கொண்டுபோக வேண்டாம்.

கயிற்றில் மீற்றருக்கு ஒரு முடிச்சு, ஐந்துக்கு ஒரு நிறத்துணி. பாகக் கணக்கில் பழகிய ஓட்டி 'மூணு பாகம்' என்றால் ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் என்று கொள்ளலாம், ஆனால் எழுதுவது முடிச்சு எண்ணித்தான். ஓட்டத்தில் கயிறு சரியும். 30 பாகை சரிந்திருந்தால் 10 மீற்றர் கயிற்றுக்கு ஆழம் 8.7 மீற்றரே. பாரம் கூட்டுங்கள், அல்லது சரிவையும் குறியுங்கள்.

வெப்பநிலையைப் படகிலேயே, போத்தல் மேலே வந்த அரை நிமிடத்துக்குள், நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். 0.1 பாகை காட்டும் இலக்க வெப்பமானி நல்லது. இரண்டு ஆழத்துக்கும் ஒரே வெப்பமானியைப் பாவியுங்கள். பிறகு மாதிரியை வாய்வரை நிரப்பி இறுக மூடிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். பாதி நிரப்பிய போத்தல் வெயிலில் கிடந்தால் நீர் ஆவியாகி மூடியில் ஒட்டும், மீதி நீரில் உப்புக் கூடும்.

உப்பை எதனால் அளப்பது

நீரில் ஒளி முறிவதைக் கொண்டு உப்பைக் காட்டும் கைமுறிவுமானி கடைகளில் இலகுவாகக் கிடைக்கும். ஆனால் அதன் ஒரு கோடு கிலோவுக்கு ஒரு கிராம். வாடைநீர் வந்துவிட்டதா, களப்புநீர் எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்க அது போதும். மேலுக்கும் கீழுக்கும் இடையிலான சின்ன வித்தியாசத்துக்கு அது உதவாது, விற்பவர் என்ன சொன்னாலும். கலப்பைக் கணக்கிட, நீரில் மிதந்து ஒப்படர்த்தியைக் காட்டும், 0.0005 வரை கோடு போட்ட கண்ணாடி நீரமானி அல்லது நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவால் உப்பைக் காட்டும் கடத்துதிறன்மானி வேண்டும். ஆனையிறவு போன்ற உப்பளங்களில் பாத்தி நீரைப் பார்க்கும் நீரமானி கடல்நீருக்கு மிகவும் கரடு, கடல்நீர் முழுவதும் அதில் மூன்றரைப் பாகைக்குள் அடங்கிவிடும்.

முறிவுமானியைச் சரிபார்க்க வடித்த நீரில் பூச்சியம் பார்ப்பது மட்டும் போதாது. அடுப்பில் உலர்த்திய உப்பு 36.5 கிராமும் வடித்த நீர் 963.5 கிராமும் கலந்தால் அது 35 என்று காட்ட வேண்டும். உலர்த்தாத உப்பில் ஈரம் இருக்கும், நிறை பிழைக்கும்.

நீரமானியோடு ஒரு சூட்சுமம். இரண்டு மாதிரிகளையும் ஒரே வாளித் தண்ணீரில் அரை மணித்தியாலம் வைத்து ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பிறகு அளந்தால், கருவி எந்த வெப்பநிலைக்குத் தயாரிக்கப்பட்டதென்ற தொல்லை வித்தியாசத்தில் கழிந்துவிடும். 0.00075 வித்தியாசம் என்றால் உப்பில் ஒரு கிராம் வித்தியாசம். தண்டில் ஒட்டும் குமிழி நீரமானியைத் தூக்கி, இல்லாத உப்பைக் காட்டும். இறக்கியதும் ஒருமுறை சுழற்றிவிடுங்கள்.

கலக்கிறதா, இல்லையா

கடல்நீரின் அடர்த்தி, 28 பாகை அளவில், உப்பு ஒரு கிராம் கூடினால் கன மீற்றருக்கு 0.75 கிலோ கூடும். வெப்பநிலை ஒரு பாகை குறைந்தால் 0.32 கிலோ கூடும். நம் கடலில் உப்பின் கை ஓங்கியிருப்பதை இதிலேயே காணலாம், ஒரு கிராம் உப்பு இரண்டே கால் பாகைக்கு மேலான வெப்பநிலை மாற்றத்துக்குச் சமம்.

மேலே 32 கிராம், கீழே 33 கிராம், கீழே வெப்பநிலை 0.2 பாகை குறைவு என்று வைப்போம். அடர்த்தி வித்தியாசம் ஏறத்தாழ 0.8 கிலோ. ஆழ இடைவெளி 1 மீற்றரிலிருந்து 6 மீற்றர் வரை, 5 மீற்றர். புவியீர்ப்பு 9.8ஐ 0.8ஆல் பெருக்கி, அடர்த்தி 1,022ஆலும் ஆழ இடைவெளி 5ஆலும் பிரியுங்கள்: 0.00153. படைகள் தங்களைத் தாங்களே பிடித்து வைத்திருக்கும் பலம் இது. இனி இரண்டு மிதவைகளின் வேக வித்தியாசத்தை 5ஆல் பிரித்து வர்க்கியுங்கள். திசை வேறானால் கிழக்குக் கூறையும் வடக்குக் கூறையும் தனித்தனியே கழித்த பிறகே வித்தியாசம் எடுக்க வேண்டும். வித்தியாசம் செக்கனுக்கு 0.15 மீற்றரானால் 0.0009 வரும். முதல் எண்ணை இதனால் பிரித்தால் 1.7. வித்தியாசம் 0.40 ஆனால் 0.0064, விடை 0.24.

இந்த விடைக்கு ரிச்சர்ட்சன் எண் என்று பெயர். கால், அதாவது 0.25க்குக் கீழே இறங்கினால் ஓட்டத்தின் உராய்வு படைகளைக் கிழித்துக் கலக்கத் தொடங்கலாம். ஒன்றுக்கு மேலே நின்றால் மேல்நீர் கீழ்நீரின்மேல் பேசாமல் வழுக்கிப் போகும். 5 மீற்றர் இடைவெளியில் எடுத்த சராசரிக்குள் அரை மீற்றர் தடிப்பில் கலப்பு நடந்துகொண்டிருக்கலாம், ஆகவே 0.5 வந்தாலும் 'கலப்பே இல்லை' என்று எழுத வேண்டாம். இடையில் 3 மீற்றரில் இன்னொரு மாதிரி எடுங்கள்.

அமைதியான நாளில் மேல் ஒரு மீற்றர் மத்தியானத்தில் தனியே சூடேறி நிற்கும், இரவில் குளிர்ந்து கீழே கலந்துவிடும். ஒரு நாள் காலை 7 மணிக்கும் மறுநாள் பிற்பகல் 2 மணிக்கும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால் நீங்கள் பார்ப்பது கடலோட்டத்தை அல்ல, வெயிலை.

கலப்பைக் கண்ணாலேயே பார்க்க விரும்புபவர் மழைக்குப் பிறகு நந்திக்கடலின் வாய் திறந்திருக்கும்போது வட்டுவாகலுக்குப் போகலாம். மண்ணிற நீர் கடலின்மேல் விரியும் ஓரத்தில் நுரையும் சருகும் ஒரு கோடாகச் சேர்ந்து நிற்கும். கோட்டுக்கு இருபுறமும் 20 மீற்றர் தள்ளி மேல்நீரும் 2 மீற்றர் நீரும் எடுங்கள். இந்த வித்தியாசத்துக்குக் கைமுறிவுமானியே தாராளம். கோட்டின்மேல் விட்ட மிதவை கோட்டோடேயே ஒட்டிக்கொண்டு போகும், அதன் வேகம் எந்தப் பக்கத்து நீருக்கும் உரியதல்ல.

அடுத்த படி

ஆழ்கடல் அளவுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆர்கோ தரவைப் பாருங்கள். அந்தத் தானியங்கி மிதவைகள் 1,000 மீற்றர் ஆழத்தில் மிதந்து, 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீற்றருக்கு இறங்கி, மேலே வரும் வழியில் உப்பும் வெப்பநிலையும் எடுக்கும். முல்லைத்தீவுக்கு வெளியே ஆழ்கடலில் அவை இருக்கும், பாக்கு விரிகுடாவின் ஆழத்துக்கு அவை வர முடியாது. கடல்மட்டத்தின் உயரத்தை மேலிருந்து அளக்கும் செய்மதி உயரமானியும் கரையை ஒட்டிய கடலில் தடுமாறும். அதனால் கரையிலிருந்து எடுக்கும் உங்கள் அளவுக்கு மதிப்பு உண்டு, நேரம், இடம், ஆழம், கருவி நாலும் எழுதப்பட்டிருந்தால்.

பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ ஒலியால் ஓட்டம் அளக்கும் டொப்ளர் கருவி இரவல் கிடைத்தால் அதன் அலைவெண்ணைப் பார்த்து வாங்குங்கள். 300 கிலோஹேட்ஸ் ஏறத்தாழ 100 மீற்றர் பார்க்கும், பாக்கு விரிகுடாவுக்கு அது வீண். 1,200 கிலோஹேட்ஸ் சரியாக இருக்கும். படகிலிருந்து கீழ்நோக்கிப் பொருத்தினால் கருவியின் முகத்தை ஒட்டிய நீர் தெரியாது. ஒலிக்கற்றை 20 பாகை சரிந்த கருவியானால் தரையை ஒட்டிய கடைசி 100க்கு 6 பங்கையும் நம்ப முடியாது. 10 மீற்றர் ஆழத்தில் அது 60 சென்ரிமீற்றர், அந்த வரிகளைத் தரவிலிருந்து நீக்கிவிட்டே சராசரி எடுங்கள்.